தொழிலீதல் அறமாமோ?

வறியார்க்கு ஒன்றீதலே ஈகையென்பது ஆன்றோர் யாவரும் உடன்பட்ட உண்மையாம். பசித்து வந்தார்க்குச் சோறும், உடையிலார்க்கு உடையும், நோயுற்றார்க்கு மருந்தும் உதவுதலின் சிறப்பை நம் நூல்கள் யாண்டும் விரித்தோதும். ஆயின் இக்காலத்துச் சமயப்பற்றுடையார் சிலர், வறுமையுற்ற மகளிர்க்குப் பொருளை வாளா கொடுத்தலினும், இறைவன் பெயரால் ஒரு தொழில் நிறுவி, அதன்கண் அவர் உழைத்து ஊதியம் பெறச் செய்தலே தக்க தொண்டெனக் கொண்டு முயல்கின்றனர். இம்முயற்சி அறமோ, வாணிகமோ? அறமெனின், விலையும் ஊதியமும் இழப்பும் அதன்கட் புகுதல் பொருந்துமோ? வாணிகமெனின், அதனை இறைவன் பெயரால் தொடங்குதல் தகுமோ? இவ்வினாக்களைச் சித்தாந்த நெறிநின்று ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண் ஒரு தடை நிகழும். "வறுமை பிராரத்த வினையின் பயன்; அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும்; இடையே ஒருவர் தொழில் கொடுத்து மாற்றப் புகுதல் வினைநெறிக்கு மாறாம்," என்பார் உளர். அற்றன்று. வினைப்பயனை ஊட்டுவோன் இறைவனேயன்றி நாமல்லேம். பிறர் வினையின் அளவை நாம் அறியோம். அறியாத ஒன்றைக் காரணமாகக் காட்டி, அறிந்த துன்பத்தைக் கண்டும் வாளா இருத்தல் வினைநெறியைப் போற்றுதலாகாது. நம் கைப்பொருளைப் போற்றுதலேயாம். ஒருத்தி நுகர்தற்குரிய துன்பம் அவள் வினைவழியதாயின், அவளுக்கு வந்தெய்தும் உதவியும் அவள் வினைவழியதே என்க. அவ்வுதவி நம் வாயிலாக வருதற்கு நாம் தடையாகாதிருத்தலே நம் கடமையாம்.

இனி, தொழிலீதல் ஈகையாமாற்றை நம் கொள்கையின் அடிப்படையினின்றே காட்டுவாம். ஆணவ இருளில் அழுந்தி, அறிவும் இச்சையும் செயலும் விளங்கப்பெறாது கேவலத்திற் கிடந்த உயிர்க்கு இறைவன் முதற்கண் செய்த அருள் யாது? முத்தியை எடுத்து அவ்வுயிரின் கையில் வைத்தானல்லன். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் மாயையினின்று தோற்றுவித்துக் கொடுத்து, அவ்வுயிர் தானே அறிந்தும் விழைந்தும் செயற்பட்டும் பக்குவமுறுமாறு செய்தான். கருவியைக் கொடுத்துச் செயலுக்குரியதாக்கினமையே அவன் முதலருள். அங்ஙனமாயின், செயலற்றுக் கிடக்கும் வறியாள் ஒருத்திக்குக் கருவியும் இடமும் வேலையும் உதவி, அவள் தன் ஆற்றலைத் தானே உணருமாறு செய்வோன், தன் சிற்றளவில் அத்திருவருள் நெறியைப் பின்பற்றுவோனாவன். இதனால் அன்னதானம் இழிந்ததெனக் கொள்ளற்க. பசி உடனே தீர்க்கற்பாலது. அப்பொழுது சோறே அறம். பசி நாடோறும் மீண்டு வருதலின் தொழிலும் அறமாயிற்று.

மகளிர்க்கு இவ்வுதவி மிகவும் வேண்டப்படுவதாம். என்னை? தனக்கென ஒரு காசும் இல்லாதாள் தனக்கென ஒரு சொல்லும் இல்லாதாளாகின்றாள். கணவனை இழந்தாளும், குடியனாகிய கணவனை உடையாளும், உறவினர் மனையில் ஒதுங்கி வாழ்வாளும் பிறர் முகம் நோக்கியே உண்ணவும் பிள்ளைகளை வளர்க்கவும் நேர்கின்றது. கொடுமையை மறுத்தற்கும் ஒரு கைப்பொருள் வேண்டும். இரத்தலின் இழிவைத் திருவள்ளுவர் இரவச்சம் என ஓரதிகாரம் வகுத்துக் கூறியதன் கருத்தினை இங்ஙனம் வாழ்வார் நன்குணர்வர்.

இதற்கு மதுரை வந்தியின் வரலாறு சான்றாம். அவள் பிட்டு விற்றுப் பிழைத்த முதியோள். வையைக் கரையில் தன் பங்கை அடைக்க ஆளின்றி அவள் வருந்தியபொழுது, ஆலவாயண்ணல் அவள் மனையிற் பொற்குவியலை வைத்திலர்; கூடையும் மண்வெட்டியும் கொண்டு கூலியாளாய் வந்து, அவள் பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டார். அவள் தொழிலை அவர் எள்ளவில்லை. அதற்கு விலை கொடுத்தார். கூலி என்னுஞ் சொல்லை இறைவனே ஏற்றபின், கூலி புகுந்தமையால் அறம் கெடும் என்பது எங்ஙனம் பொருந்தும்? திருநீலகண்டர் மட்கலம் வனைந்தும் நேசர் ஆடை நெய்தும் தத்தம் தொழிலிலிருந்தே தொண்டு செய்தமையும் நோக்குக.

இனி, இக்காலத்து நிகழ்ந்ததோர் எடுத்துக்காட்டை நோக்குவாம். 1959-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், பம்பாய் கிர்காமில் குசராத்திப் பெண்டிர் எழுவர், தாம் வாழ்ந்த மனையின் மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். முதற்பொருள், சகன்லால் கரம்சி பாரேக் என்பாரிடம் கடனாகப் பெற்ற 80 ரூபாயே. முதல்நாள் இட்டவை நான்கு பொதிகள். முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால் நான்கு திங்கள் தொழில் நின்றது. மறுவாண்டு கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, அதன்கீழ் அடுப்பை வைத்து உலர்த்தி அவ்விடரைக் கடந்தனர். இதுவே பின்னர் 'லிஜ்ஜத்' எனப் பெயர் பெற்று, 1966-இல் சங்கமாகப் பதிவுற்று, இன்று 45,000-க்கு மேற்பட்ட மகளிர்க்குத் தொழிலளிக்கும் நிறுவனமாயிற்று. எழுவருள் ஒருவராகிய ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட் அம்மையார்க்கு 2021-இல் பத்மசிரீ விருது அறிவிக்கப்பெற்றது.

இது சைவர் நிறுவியதன்று. சருவோதயக் கொள்கையிற் பிறந்தது. எனினும் தொழிலையே வழிபாடாகக் கருதுதல் அவர்தம் கொள்கைகளுள் ஒன்றாகலின் ஈண்டைக்கு இயைபுடையதாம். அவர்பால் நாம் கற்கற்பாலன மூன்று. இழப்பு நேரினும் நன்கொடை வேண்டுவதில்லை எனத் தொடக்கத்திலேயே உறுதிகொண்டனர். இரக்கத்தால் வாங்கப்படும் பண்டம் நெடுநாள் விலைபோகாதன்றோ! மட்டமான அப்பளமும் ஒருவகை செய்து மலிவாக விற்க அவர் எண்ணியபொழுது, தரத்தை ஒருகாலும் தாழ்த்தற்க எனப் பாரேக் அறிவுறுத்தினார். உழைக்கும் சகோதரியர் அனைவரும் ஊதியத்திற்கும் இழப்பிற்கும் ஒப்ப உரியராயினர். பிசைந்த மாவை மனைக்குக் கொண்டுசென்று அப்பளமாக இட்டு மறுநாட் கொணரும் முறையால், குழந்தையை விட்டகல இயலாத தாய்க்கும் தொழில் கிடைத்தது. தொடக்கத்திற் சிறுமியரும் சேர்க்கப்பட்டனராயினும், பின்னர் 18 ஆண்டு நிரம்பியோரே உரியரென வரையறுத்தமை பாராட்டற்பாலது.

இறைவன் பெயரால் தொழில் தொடங்குவார்க்கு நேரும் இடையூறுகளையும் கூறுதல் வேண்டும். அவற்றுள் முதலாவது, கூலியைக் குறைத்துவிட்டு, "இது தொண்டன்றோ, பொறுத்துக்கொள்க," என்றல். தொண்டு செய்யப் புகுந்தவன் தொழிலை நிறுவியவன், உழைக்கும் வறியாளல்லள். தன் தொண்டின் செலவை அவள் தலையிற் சுமத்துதல் திருட்டினும் கொடிது. ஊதியத்தை ஒப்புரவாகக் கொடுத்தபின் எஞ்சுவதே அவன் அறத்தின் அளவாம்.

இரண்டாவது, கூலியோடு சமயத்தையும் பிணித்தல். "நீறு பூசினால் வேலை, பூசாவிடின் இல்லை," என்பானும், வேறு சமயத்தின் பெயரால் அங்ஙனங் கூறுவானும் ஒரே பிழை செய்பவர். பக்குவம் இறைவன் திருவருளால் முதிர்வது; பசியை நெருக்கி முதிர்விக்கப்படுவதன்று. பசிக்கு அஞ்சி இட்ட நீறு நெற்றியளவில் நிற்கும். தொழில் நிறுவியவன் தன் வழிபாட்டைத் தான் செய்க. தன் நேர்மையால் அதனை விளக்குக. பிறர் வழிபாட்டிற்கு விலை பேசற்க.

மூன்றாவது இவற்றினும் நுண்ணிது. "இத்துணைப் பெண்டிர் என்னால் வாழ்கின்றனர்," என்னும் எண்ணம் அது. யான் எனது என்னும் செருக்கு தீவினையில் மட்டுமன்றி நல்வினையிலும் புகுந்து உறையும். அறத்தை மறுமைப்பயனுக்கு விலைபேசும் வணிகன் ஆய் அல்லன் என்று முடமோசியார் புறநானூற்றிற் புகழ்ந்தார். மறுமைப்பயனையே விரும்பாத அவ்வள்ளலின்முன், நன்றியையும் பணிவையும் விலையாக எதிர்பார்ப்போன் எங்ஙனம் நிற்பான்? இச்செருக்கிற்கு மருந்து, உழைப்போரையே உடையோராக்குதல். இன்னொருவர் முகம் நோக்கி நின்றவளை நம் முகம் நோக்கி நிற்கச் செய்தல் விடுதலையன்று. நம்மை நோக்க வேண்டாநிலைக்கு அவளை உயர்த்துதலே நம் முயற்சியின் முடிபாதல் வேண்டும்.

ஆகவே, தொழிலீதல் அறமே. அதன்கண் விலையும் கணக்கும் உண்மையால் அது வாணிகமுமாம். கணக்கிற் பொய்யும் கூலியிற் குறைவும் உள்ளத்திற் செருக்கும் புகாதவழி இவ்விரண்டும் ஒன்றனையொன்று பகையா. கோயிற் பணிக்குப் பொருளளிக்கும் அன்பர்கள், அக்கோயில் வாயிலில் கைநீட்டி நிற்கும் பெண்டிர்க்கு அக்கை தொழில் செய்தற்கும் உரியதென்பதை நினைந்து, இயன்றதொரு வழி காண்பாராக. அதற்கு எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.