கரையேறிய பின்

ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் இருவகைக் கூட்டத்தைக் காண்கின்றோம். ஒன்று, சிப்காட் ஆலைகளின் முதல் ஷிப்டுக்கு விரையும் இளைஞர் கூட்டம். மற்றொன்று, மருத்துவக் கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு பெங்களூர்ப் பேருந்துக்குக் காத்திருப்போர். அத்திப்பள்ளியைக் கடந்தால் நம் ஊரின் பெயரையே தாங்கிய ஓசூர் சாலை. அச்சாலை வழியேதான் 1973-இல் தொடங்கப்பெற்ற கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்கின்றோம். முதல் கூட்டத்தில் ஓடியவர்கள் சிலர் இன்று இரண்டாம் கூட்டத்தில் நிற்கின்றனர். இருபத்தைந்து வயதில் புற்றுநோய் கண்டு, சிகிச்சை முடித்து, இப்போது பரிசோதனைக்கு மட்டும் சென்று வருவோர். பிழைத்துக்கொண்டார்கள் என்று நாம் மறந்துவிடுவது இவர்களைத்தான்.

சிகிச்சை முடிந்ததும் வீட்டார் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றனர். அன்பியத்தார் வந்து வாழ்த்துகின்றனர். நலம் பெற்றவரோ வாடிய முகத்துடன் அமர்ந்திருக்கின்றார். இதை நன்றியின்மை என்று எண்ணுவோரும் நம்மில் உண்டு. அது நன்றியின்மை அன்று. ஃபிட்சு முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் 1975-இல், தம் 32-ஆம் வயதில், தம் மார்புக்குள்ளேயே புற்றுக்கட்டி இருப்பதை அறிந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1985-இல் அவர் எழுதிய கட்டுரை மீட்சியை மூன்று பருவங்களாகக் கண்டது. நோயறிந்து மருந்தேற்றும் காலம் முதலாவது. சிகிச்சை முடிந்து, மீண்டும் வருமோ என்ற அச்சத்தோடு ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனைக்கு நகரும் காலம் இரண்டாவது. அவ்வச்சம் தணிந்து, நோய் நீங்கியதாகவே கொள்ளத்தக்க காலம் மூன்றாவது. நாம் முதற் பருவத்தில் பழங்களோடு மருத்துவமனைக்குச் செல்கின்றோம். இரண்டாம் பருவத்தில் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம். மருத்துவர், செவிலியர், பார்க்க வந்தோர் எல்லாரும் விலகிய வீட்டில், ஒரு சிறு இருமலும் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கின்றது.

பிழைப்பும் உடனே வந்து கதவைத் தட்டுகின்றது. புற்றுநோய் மருந்துகளில் சில விரல்நுனி நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். சிலருக்கு அது நெடுநாள் நீடிக்கும். கைக்கடிகாரமும் கைப்பேசி உறுப்பும் கோக்கின்ற ஊரில் இது சிறிய குறையன்று. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இரண்டாண்டு தொடர்ந்து இருந்தவர்க்குப் புற்றுநோய் போன்ற நெடுநோய்க் காலத்தில், ஊதியத்தில் 80 விழுக்காடு இரண்டாண்டுகள் வரை கிடைக்க வழியுண்டு. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிதாய்ச் சேர்க்கப்படும் பிள்ளைகள் பலர் அந்த முதல் இரண்டாண்டையே எட்டுவதில்லை.

ஆயினும் நம்மை மிகவும் வருத்தும் கேள்வி வேறு. இருபத்தாறு வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய் நீங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "முடியெல்லாம் வளர்ந்துவிட்டது, இனி எதற்குச் சொல்ல வேண்டும்?" என்கின்றார் அத்தை. "சொன்னால் உன் தங்கைக்கும் இடம் அமையாதே, அம்மா" என்று தாய் அழுகின்றார். சொல்லாவிட்டால், ஆண்டுதோறும் பெங்களூர் சென்றுவரக் கணவரிடம் என்ன காரணம் கூறுவது?

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இதில் தெளிவாகவே பேசுகின்றது. பிள்ளைப்பேறின்மை திருமணத்தைத் தடுப்பதில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்கின்றது 1084-ஆம் சட்டம். ஆனால், மணவாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையைப் பற்றி, சம்மதம் பெறுவதற்காகவே ஒருவரை வஞ்சித்திருந்தால் அத்திருமணம் செல்லாது என்கின்றது 1098-ஆம் சட்டம். புற்றுநோய் மருந்துகளில் சில கருவளத்தைக் குறைக்கக்கூடும், எல்லாம் அல்ல. எது எவ்வளவு என்பதைச் சிகிச்சையளித்த மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். சட்டம் அஞ்சுவது உடற்குறையை அன்று, வஞ்சகத்தை.

எனவே சொல்லிவிடுவதே முறை என்று கருதுகின்றோம். யாரிடம் என்பதில்தான் நம்மவர் தடுமாறுகின்றனர். தரகரிடமும், பெண் பார்க்க வந்த பதினைந்து பேரிடமும் சொல்லும் கடமை அவருக்கில்லை. சம்மதம் தரப்போகின்றவரிடம், நிச்சயம் செய்வதற்கு முன், தனியே சொன்னால் போதும். மற்றவர்களுடையது ஆவல், அதற்கு எவரும் கடன்படவில்லை.

ஆனால் உண்மையை இவ்வளவு கடுமையாகக் கேட்கின்ற நாம், அதைக் கேட்டபின் என்ன செய்கின்றோம்? "ஒட்டுமா?" என்கின்றோம். ஒட்டாது. "பிள்ளைக்கு வருமா?" என்கின்றோம். நூற்றில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் புற்றுநோய்களே மரபுவழிப்பட்டவை. (இதே நோய் மகனுக்கு வந்திருந்தால் வீட்டார் இத்தனை இரவு விழித்திருப்பார்களோ என்பது நம் ஐயம்.) கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் மார்புக்குள் தோன்றிய புற்றுக்கட்டிக்குச் சிகிச்சை பெற்று, 2012 செப்டம்பர் 11 அன்று சேப்பாக்கத்தில் மீண்டும் களமிறங்கியபோது நாமெல்லாம் கைதட்டினோம். அவர் 2016-இல் மணம் புரிந்தார்; 2022-இல் தந்தையானார். அடுத்த தெருப் பெண்ணுக்கு மட்டும் நம் கைகள் எழுவதில்லை. தொலைக்காட்சியில் வரும் மீட்சி எதையும் நம்மிடம் கேட்பதில்லை போலும்.

யோவான் நற்செய்தியில் இலாசர் உயிர்பெற்று வெளியே வந்தபோது, அவர் கையும் காலும் துணியால் கட்டப்பட்டே இருந்தன. கட்டுகளை அவிழ்க்கும் பணியை ஆண்டவர் சுற்றி நின்றவர்களிடம் கொடுத்தார். பின்னர்ப் பெத்தானியா விருந்தில் அவரையும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இலாசர் பேசியதாக அந்நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. பேச அவருக்கு ஏதேனும் இருந்திருக்கும். கேட்க ஆள் இருந்ததா என்பது தெரியவில்லை.

நாம் எண்ணிப் பார்த்த அந்தப் பெண் சொல்லிவிட்டார் என்றே கொள்வோம். மணமகன் ஒரு வாரம் அவகாசம் கேட்கின்றார். அவ்வாரத்தில் அவர் தம் தாயிடம் பேசுவார். ஞாயிறு திருப்பலி முடிந்து, அத்தாய் கோயில் முற்றத்தில் நம்மில் ஒருவரைத் தனியே அழைத்து, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்.