வாயிலில் தடுக்கப்பட்டவர்கள்

அஞ்சி ஒளிந்த இடத்தில் ஆடிப் பாடலாமா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள ஒரு கட்டடம். தூய பவுலின் பெயரைத் தாங்கிய சங்க்ட் பவுலி பகுதியில், விமானத் தாக்குதலிலிருந்து மக்களைக் காக்கவும், பகை விமானங்களைச் சுட்டு வீழ்த்தவும் 1942-இல் எழுப்பப்பட்ட காங்கிரீட் கோட்டை அது. சுவரின் கனம் மூன்றரை மீட்டர். நம் வீட்டுச் சுவர்கள் பதினைந்தை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாற்போன்றது. 1943 ஜூலை இறுதியில் நேச நாடுகளின் விமானங்கள் அந்நகரின்மேல் நெருப்பைக் கொட்டின. 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நடவடிக்கைக்கு 'கொமோரா' என்றே பெயர் சூட்டியிருந்தனர். விவிலியம் அறிந்தவர்கள்தாம் அப்பெயரைத் தேர்ந்திருக்க வேண்டும். எண்ணும்போது மனம் கூசுகின்றது. அந்த இரவுகளில் இக்கோட்டைக்குள் 25,000 பேர் வரை நெருக்கியடித்து உயிர் தப்பினர் என்பர்.

போர் முடிந்தபின் அதனைத் தகர்க்க எண்ணினர். வெடி வைத்தால் சுற்றியுள்ள வீடுகளும் சேர்ந்து விழும் என்பதால் விட்டுவிட்டனர். இன்று அதனுள்ளே இசையரங்கு இருக்கின்றது, ஆடலரங்கு இருக்கின்றது. அப்பகுதி மக்களின் பல்லாண்டு முயற்சியால் மேலே புதிய மாடிகளும் தோட்டமும் எழுந்து, 38 மீட்டர் உயரக் கட்டடம் 58 மீட்டராகி, 2024-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இது இறந்தோரை அவமதிப்பதாகாதா என்று கேட்போர் உண்டு. அவர்கள் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். ஆயினும் பூட்டிக் கிடக்கும் கட்டடம் எதையும் நினைவூட்டுவதில்லை. வௌவாலுக்கே அது பயன்படும். நம் அருமனைக்கு அருகிலுள்ள சிதறால் மலையைப் பாருங்கள். சமணத் துறவியர் தங்கிய அக்குகை பின்னாளில் பகவதி கோயிலாயிற்று. ஆனால் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் இன்றும் இருக்கின்றன. பின்னர் வந்தவர்கள் முன்னிருந்தவர்களைச் செதுக்கி அழித்துவிடவில்லை. ஓர் இடம் தன் தொழிலை மாற்றிக்கொள்ளலாம். தன் கதையை மாற்றிச் சொல்லலாகாது என்பதே நம் எண்ணம். உயிர்த்த ஆண்டவரின் திருவுடலிலும் ஆணிகளின் தழும்பு இருந்ததே!

அப்படியாயின் ஹாம்பர்க் கோட்டையின் கதை என்ன? குண்டுக்குத் தப்பியோர் கதை மட்டுமா? அன்று. அச்சுவர்களை எழுப்பியோரில் பெரும்பாலோர் வலிந்து இழுத்து வரப்பட்ட அடிமைத் தொழிலாளர். சுமார் 300 நாள்களில் கட்டி முடிக்கப்பட்டது என்று பெருமையாகச் சொல்லப்படும் கணக்கு, அவர்கள் முதுகில் எழுதப்பட்ட கணக்கே. நாஜி ஆட்சியோ யூதர்களுக்குப் பொதுப் பதுங்கிடங்களில் இடம் மறுத்தது. கிழக்கிலிருந்து கொணர்ந்த தொழிலாளரையும் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்தியது. கல் சுமந்தவனுக்குக் கதவு திறக்கவில்லை. எனவே, இங்கே பாடலாமா என்பதைவிட, பாடுமிடத்தில் இவர்களைப் பற்றிய பேச்சு உண்டா என்பதே முதன்மையான வினா. இக்கட்டடத்தின் வரலாற்றைக் கூறவும், அதில் அடிமைப்பட்டவர்களை நினைவுகூரவும் அங்கே இடம் ஒதுக்கியுள்ளனர். புதிய மண்டபம் ஒன்றுக்கு, 1939-இல் ஹிட்லரைக் கொல்ல முயன்று பின்னர் முகாமில் கொல்லப்பட்ட தச்சர் கியோர்க் எல்சரின் பெயரைச் சூட்டியுள்ளனர். போதுமா என்பது வேறு. மறைக்கவில்லை என்பது மட்டும் நமக்கு மனநிறைவு தருகின்றது.

தமிழர்க்குப் பதுங்குகுழி அயல்நாட்டுச் செய்தியன்று. யாழ்ப்பாணத்தில் 'பங்கர்' என்ற சொல் குழந்தைகளின் வாயிலும் புழங்கிற்று. வீட்டு முற்றத்தில் ஒரு குழி, மேலே பனங்குற்றிகள், அதன்மேல் மண்மூட்டைகள். மூன்றரை மீட்டர் காங்கிரீட்டுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? மழை பெய்தால் உள்ளே நீர். ஆனால் வழியே சைக்கிளில் சென்றவரும் விமான ஒலி கேட்டால் அருகிலுள்ள வீட்டுக் குழிக்குள் இறங்கலாம். ஆலயங்களும் அடைக்கலமாயின, அவையும் தப்பவில்லை. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்திலும், 1995 ஜூலை 9-இல் நவாலி ஆலயத்திலும் விமானக் குண்டுகள் விழுந்தன. நவாலியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அத்தகைய ஆண்டுகளில்தான் அருட்தந்தை நீ. மரியசேவியர் அடிகளார் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் நாடகங்களை அரங்கேற்றி வந்தது; 1990-இல் 'கலைமுகம்' என்னும் இதழையும் தொடங்கிற்று. போர் ஓயட்டும், கலையைப் பிறகு பார்க்கலாம் என்று அடிகளார் காத்திருக்கவில்லை. 2021-இல் அவர் மறையும்வரை அப்பணி தொடர்ந்தது. அக்குழிகளோ தூர்ந்து போயின. அவற்றைக் கலையரங்காக்க இனி எவராலும் இயலாது; அவற்றுள் இருந்தவர்களின் நினைவில் மட்டுமே அவை இருக்கின்றன.

அந்த நினைவும் முழுமையாக இருத்தல் வேண்டும். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். துன்புற்ற சமூகமும் ஒரு கதவை அடைக்கக்கூடும் என்பதை ஈழத்துக் கலை சொல்லாமல் விட்டால், அது அரைக்கதையே.

நாமும் இதில் தூயவர்கள் அல்லர். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. இடித்ததைச் சொல்ல நமக்கு விருப்பம். கட்டியதைச் சொல்லத் தயக்கம். இன்று நம் பங்குகள் பலவற்றில் பழைய பள்ளிக் கட்டடங்களும் களஞ்சியங்களும் கலையரங்கங்களாக மாறி வருகின்றன. நல்ல செயலே. திறப்பு விழாவுக்குப் பளிங்குக் கல்லில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறிக்கிறோம். பழைய கட்டடத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர் யார், அக்காலத்தில் அதன் முன்வாசலில் நுழையக்கூடாதென நிறுத்தப்பட்டோர் யார் எனப் பங்கின் மூத்தோரிடம் கேட்டு எழுதி வைக்க இன்னும் காலமிருக்கின்றது. அவர்களுள் சிலர் உயிரோடிருக்கின்றனர்.