காய்கறிக்கு விலக்கு உண்டா?

அளவாகச் சாப்பிடப் பழகுகிறவர்கள் பலர் தங்களுக்கென்று ஓர் எளிய விதி வைத்துக்கொள்கிறார்கள்: தட்டில் ஒருமுறை வைத்ததோடு சரி, மறுமுறை கிடையாது. கலோரிக் கணக்கு வேண்டாம், தராசு வேண்டாம். சாப்பிடப்போவது முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது. சில நாள் ஒழுங்காக நடக்கும். பிறகு ஒரு மதியம் சட்டியில் பீன்ஸ் பொரியல் மீந்திருக்கும். சோறு என்றால் யோசிக்காமல் மறுத்துவிடலாம். காய்தானே, உடம்புக்கு நல்லதுதானே என்று கை நீளும். அந்த ஒரு கரண்டி, விதியை மீறியதாகுமா? தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட வாக்கை எப்படி நடத்துவது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு வலுவான நியாயம் உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுகிறவருக்கு 400 கிராம் காய்கறியும் 250 கிராம் தானியமும் சொல்கிறது. நம் வீட்டுத் தட்டுகளில் பெரும்பாலும் கணக்கு தலைகீழ்: நடுவில் சோறு, ஓரத்தில் ஊறுகாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொரியல். புடலை, சுரை, பூசணி போன்றவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். வயிறு நிறையும், கலோரி ஏறாது. மிதமிஞ்சி உண்பதன் கேட்டைத் தடுக்கத்தான் விதி என்றால், அந்தக் கேடு இல்லாத ஒன்றை ஏன் தடுக்க வேண்டும்? அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்று அரிஸ்டாட்டிலும் சொன்னார். மல்யுத்த வீரன் மைலோவுக்குப் போதாத உணவு, பயிற்சியைத் தொடங்குகிறவனுக்கு மிகுதி என்பது அவர் காட்டிய உதாரணம். நாள் முழுக்கச் செங்கல் சுமந்தவரையும் நாற்காலியில் இருந்தவரையும் ஒரே கரண்டிக் கணக்கில் கட்டிப்போட முடியாது.

வேண்டாம் என்பதற்கும் நியாயம் உண்டு. இலை முன் உட்கார்ந்தபின் வாதாடத் தேவையில்லாமல் செய்வதுதான் இந்த விதியின் பலம். ஒரு விலக்கு வந்தால் வாதமும் வந்துவிடும். உருளைக்கிழங்கு வறுவல் காய்கறியா? தினம் 400 கிராம் காய்கனி என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம் உருளைக்கிழங்கை அதில் சேர்ப்பதில்லை. பசித்த நாக்கு சேர்த்துக்கொள்ளும். தாளிக்கும் எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 45 கலோரி. எண்ணெய்க் கத்தரிக்காயில் காயைவிட எண்ணெய்தான் கணக்கில் பெரியது. இன்னொரு கரண்டி பொரியலுக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சோறு கேட்கும், அந்தச் சோற்றுக்கு ரசம் கேட்கும்.

பௌத்தத் துறவிகளுக்கான விநய விதிகளில் இதே கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. உண்டு முடித்து, மேலும் வைக்க வந்தவரிடம் போதும் என்று சொன்ன பிக்கு, அதன்பின் அன்று வேறு உணவைத் தொடக்கூடாது. ஒரு வீட்டில் விருந்துண்டு போதும் என்ற பிக்குகள், உறவினர் வீடுகளுக்குப் போய் மறுபடி உண்டார்கள். விருந்திட்டவர் அக்கம்பக்கத்தார் முன் தலைகுனிய நேர்ந்தது. அதிலிருந்து பிறந்தது இந்த விதி என்கிறது விநயம். பின்னர் அதிலேயே ஒரு தளர்வும் வந்தது: நோயுற்ற பிக்கு உண்டு மீந்ததை, வீணாகாமல் மற்றவர் உண்ணலாம். போதும் என்று சொன்னவர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும், உணவும் வீணாகக்கூடாது. இரண்டுக்கும் இடம் வைத்த விதி இது.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான ‘மருந்து’, பெரும்பகுதியும் உண்ணும் முறையைத்தான் பேசுகிறது. முன் உண்டது செரித்ததா, இப்போது பசிக்கிறதா என்பது அங்கே முதல் சோதனை. பசி இல்லாமல் உண்ணும் பழக்கத்தைக் காய்கறியும் வளர்க்கும். சட்டியில் மீந்திருப்பதை முடித்துவிடுங்கள், வீணாகிவிடும் என்று வயிற்றில் தள்ளுவதும் அதே பழக்கம்தான். மீந்ததற்கு இரவு வேளை இருக்கிறது.

இந்த வாதங்கள் பெரும்பாலும் உண்பவரின் உடம்போடு நின்றுவிடுகின்றன. சட்டிக்குள்ளும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் சமைத்தவர்தான் கடைசியில் உட்காருகிறார். முன்னால் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு கரண்டி கூடுதலாக எடுத்தபின், அவருக்குச் சோறும் குழம்பும் தாராளமாக இருக்கும். பொரியல், சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தேங்காய்த்துருவலும் நாலு பீன்ஸ் துண்டும்தான். ஒருவருடைய ஆரோக்கியம் இன்னொருவரின் பங்கில் கைவைத்து வளர்ந்தால் அதற்கு மிதம் என்று பெயர் சொல்ல முடியாது.

ஆகவே விலக்கு கொடுக்கலாம், மூன்று நிபந்தனையோடு. எந்தக் காய்க்கு விலக்கு என்பதைச் சாப்பிட உட்காரும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அதில் கிழங்கு, வறுவல் கூடாது. கூடவே சோறு சேரக்கூடாது. எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று பார்த்த பிறகே எடுக்க வேண்டும். என்றாவது மீறிவிட்டால் அடுத்த வேளை பட்டினி கிடந்து கணக்குத் தீர்க்கவும் வேண்டாம். அடுத்த வேளை விதிப்படி சாப்பிட்டால் போதும்.

இதைவிட நல்ல வழி, முதல் முறையிலேயே காயை நிறைய வைத்துக்கொள்வது. அதற்குச் சட்டியில் காய் இருக்க வேண்டும். கால் கிலோ பீன்ஸ் வாங்கி நாலு பேர் பகிர்ந்தால் தலைக்கு அறுபது கிராம் சொச்சம். இரண்டாம் கரண்டிக்கு அங்கே இடமே இல்லை. அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று வாங்கினால் ஆய்வதும் நறுக்குவதும் ஒருவர் கைக்கு இரண்டு, மூன்று மடங்கு வேலையாகும். காய்கறி அதிகம் உண்ண வேண்டும் என்று தீர்மானித்தவருக்கு, காலையில் அரிவாள்மனை முன் உட்காரும் கடமையும் அந்தத் தீர்மானத்தோடு சேர்ந்தே வருகிறது.