கையும் கருத்தும்

கை ஒரு வேலையில் ஈடுபட்டிருக்க, கருத்து வேறொன்றில் செல்வது மனிதனுக்கு இறைவன் வழங்கிய அரிய ஆற்றல்களுள் ஒன்றாகும். நடந்துகொண்டே பேசுகிறோம், சமைத்துக்கொண்டே பிள்ளையின் பாடத்தைக் கேட்கிறோம். ஒருவரிடம் இவ்வாற்றல் குன்றும்போது அதற்கு நாம் என்ன பெயரிடுகிறோம்? சிலவேளை ‘கவனக்குறைவு’ என்கிறோம். பலவேளை ‘அலட்சியம்’ என்கிறோம். முன்னது குறை, பின்னது குற்றம். குறையைக் குற்றமெனத் தீர்ப்பளிப்பது நீதியாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

காவிரிக் கரையில் பவானிக்கு எதிரே அமைந்த குமாரபாளையம் நெசவால் வாழும் ஊர். இங்கே விசைத்தறி ஓட்டுபவர் ஒரே தறியோடு நிற்பதில்லை. ஒன்றில் ஊடை நூல் தீர்ந்ததா என்று பார்க்கும்போதே மற்றொன்றில் பாவு இழை அறுந்துள்ளதா என்றும் நோக்க வேண்டும். குறுகிய இடைவெளியில் கால் நடக்க, கை இழை பிணைக்க, கருத்து அடுத்த தறியில் இருக்கும். இத்தகைய உழைப்பாளிக்கு நீரிழிவு நோய் கண்டால் என்ன நேரும்?

நலமுள்ளவரின் பாதம் தரையை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆதலால் நடை தானாக நிகழ்கிறது. சிந்தனை சுதந்திரமாக இருக்கிறது. சர்க்கரை நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. கால் அறியாததைக் கண்ணும் கருத்தும் அறிந்து சொல்ல வேண்டியதாகிறது. நடையே ஒரு சிந்தனை வேலையாகிவிடும்போது வேறு சிந்தனைக்கு இடம் சுருங்குகிறது. இத்தகையோர் மனக்கணக்குப் போட்டபடி நடக்கையில் வேகம் குறைந்து அடிகள் தடுமாறுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. இது தவிர, மருந்துண்டு உணவைத் தவறவிட்டவருக்குச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும். மேலும் இறங்கினால் பேச்சுக் குழறும். அந்நிலையில் அவரைக் குடிகாரர் என்று எண்ணியவர்களும் உண்டு!

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-இல் வெளியிட்டது. எனவே இது யாரோ ஒருவருடைய வினா அன்று. நம் இல்லங்களின் வினா.

1997-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் முதியோர் சிலரைக் கவனித்தனர். நடக்கையில் பேச்சுக் கொடுத்தால், பேசுவதற்காக நின்றுவிடுவோரே பின்னர் மிகுதியாகக் கீழே விழுந்தனர். நிற்பது விழுதலுக்குக் காரணம் அன்று. உள்ளே குறைந்துவரும் ஆற்றலின் அடையாளம் அது. படியிறங்கும் அத்தாவிடம் மகன் ஒன்றைக் கேட்கிறான்; அவர் பதில் கூறவில்லை. ‘மதிக்கவில்லை’ என்று மகன் மனம் சுருங்குகிறான். அவரோ விழாமல் இறங்குவதில் தம் கருத்து முழுவதையும் செலுத்தியிருக்கிறார்.

நம் தொழுகையும் உடலும் உள்ளமும் ஒருசேர ஆற்றும் செயலன்றோ! நிற்றல், குனிதல், சிரம் பணிதல் ஆகியவற்றோடு ஓதலும் எண்ணிக்கையும் இணைந்துள்ளன. எண்ணிக்கையில் ஐயம் எழுந்தால் மார்க்கம் அவரைக் குற்றவாளியாக்கவில்லை. ஸஜ்தா ஸஹ்வு என்னும் வழியைத் தந்தது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்றது. நாயகம் (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத்துத் தொழுகை ஒன்றில் இரண்டிலேயே சலாம் கொடுத்தபோது துல்யதைன் என்ற தோழர் வினவினார். பிறரிடம் கேட்டறிந்த பின் எஞ்சியதை நிறைவு செய்தார்கள். கேட்பவரின் மரியாதையும் நிறைவு செய்பவரின் பெருந்தன்மையும் நமக்குப் பாடம்.

அவ்வாறாயின் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. தடுமாறும் கணம் அவர் கையில் இல்லை. அதற்கு முந்திய கணங்கள் பல அவர் கையில் உள்ளன. மருந்தை விடாதிருத்தல், உரிய வேளையில் உண்ணுதல், பாதத்தை நாள்தோறும் பார்த்தல், இரண்டு இயலாதபோது ஒன்றை நிறுத்துதல் ஆகியவை அவர் கடமை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. தலை சுற்றுவதை அறிந்தும் வண்டியில் ஏறுபவர் பிறர் உயிரோடு விளையாடுகிறார். அங்கே குறை குற்றமாகிறது.

ஆனால் தறிக்கூடத்தில் நோயைச் சொன்னால் வேலை போய்விடுமே என்று அஞ்சி மறைப்பவரை என்னென்பது? அந்த மறைப்பில் அவருக்கு ஒரு பங்கென்றால், சொல்ல இடங்கொடாத முதலாளிக்கும் ஒரு பங்குண்டு. துணியில் பழுது கண்டவுடன் கூலியைப் பிடிக்குமுன், ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒருவரைப் பற்றிக் கெட்ட எண்ணம் கொள்ளுமுன் விசாரித்தறிவது மார்க்கம் நம்மிடம் கோரும் ஒழுக்கம். தம் இயலாமையை அச்சமின்றிச் சொல்லும் வீடும் தொழிற்கூடமும் அமைந்தால், பாதி விபத்துகள் நிகழுமுன்பே தடுக்கப்படும்.

இயன்றதைச் செய்யும் உறுதியையும், இயலாதவரைப் பழிக்காத உள்ளத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.