கண்ணின் குற்றமோ, கருத்தின் குற்றமோ

ஒல்லாந்து தேசத்து ஹேக் நகரிலே, அரசி எம்மா முன்னாளிற் பனிக்கால வாசஸ்தலமாகக் கொண்டிருந்த அரண்மனையொன்று உளது. 2002ஆம் ஆண்டு தொடக்கம் அஃது எம். சி. எஷர் (1898–1972) என்னுஞ் சித்திரகாரருடைய அச்சுச் சித்திரங்களுக்குரிய நூதனசாலையாய் விளங்குகின்றது. ஆங்குச் சுறாமீன் வடிவாயும் மண்டையோட்டு வடிவாயுந் தொங்கும் விளக்குகளைக் குறித்து யாம் ஒன்றுங் கூறோம்.

யாம் நெடுநேரம் நின்றது ‘நீர்வீழ்ச்சி’ என்னுஞ் சித்திரத்தின் முன்னரேயாம். 1961இல் ஆக்கப்பட்ட அக்கல்லச்சுச் சித்திரத்திலே, நீர் மேலிருந்து வீழ்ந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. பின்பு வாய்க்கால் வழியே வளைந்து வளைந்து ஓடுகின்றது. ஓடிச் சேருமிடம் யாதெனின், தான் முன் வீழ்ந்த அவ்வுச்சியே. வாய்க்காலின் ஒரு பகுதியை மாத்திரம் விட்டு, மற்றையவற்றைக் கையால் மறைத்து நோக்கின், பிழை ஒன்றுங் காணோம். கையை எடுத்தவுடன் முழுவதும் பொய்யாகின்றது. பென்றோஸ் என்னுந் தந்தையும் மைந்தரும் 1958இல் ஓர் ஆராய்ச்சி இதழில் வெளியிட்ட முக்கோணமே இதற்கு மூலம். அதன் மூன்று மூலைகளுஞ் செங்கோணமாய்த் தோன்றும். முக்கோணத்தின் கோணங்கள் கூடி இரண்டு செங்கோணமென்று நாடோறுங் கற்பிக்கும் நமக்கு அது நகை விளைப்பது.

உடன் நின்ற ஒருவர், “இவர் நம்மை ஏமாற்றினார்” என்றார். யாம் உடன்படோம். ஏமாற்றுவோன் பொருத்தை மறைப்பான். இவரோ எல்லாப் பொருத்துக்களையும் வெளியே வைத்தார்.

கயிற்றை அரவென மயங்கினவனுக்கு விளக்கைக் கொணர்ந்தவழி அரவு ஒழியும். ஈண்டோ விளக்குக்குக் குறைவில்லை, பொய்யென்பதும் அறிவோம், அறிந்தும் நீர் மேலேறுகின்றது. ஆதலிற் கண்ணைக் குறைகூறுதல் தகாது. அது ஒவ்வொரு துண்டையும் உள்ளவாறே காட்டிற்று. துண்டுகளைக் கூட்டி ‘இஃது ஒரு கட்டடம்’ எனத் துணிந்தது நம் கருத்தேயாம்.

இதனை எழுதுங்கால் எமக்கு நாணம் உண்டாகின்றது. பல்லாண்டுகட்கு முன் எம் வகுப்பில் ஒரு புத்தகங் காணாமற் போயிற்று. மாணாக்கனொருவன் இடைவேளையில் வகுப்பிலே தனித்திருந்தான்; உண்மை. அப்புத்தகம் அவனிடத்து இல்லை, வாங்கப் பொருளும் இல்லை, உண்மை. வினாவியபோது தலைகுனிந்து நின்றான், அதுவும் உண்மை. பிரம்பை எடுத்தோம். மூன்றாம் நாள் அப்புத்தகம் உரியவன் வீட்டிலேயே அகப்பட்டது. இவன் உண்பதற்கு யாதுங் கொண்டுவாராமையால், பிறர் உண்ணும்போது உள்ளே ஒளித்திருந்தான் என்பதையும், அந்நாணமே தலைகுனியச் செய்தது என்பதையும் பின்னரே அறிந்தோம்.

அன்று பொய்யுரைத்த சாட்சி யாவர்? ஒருவருமிலர். அளவை நூலார் ஐயத்தையுந் திரிபையும் ஒருங்கே குற்றமென்பர். யாம் ஐயத்துடன் ஒருநாள் இருக்க அஞ்சித் திரிபிற் புகுந்தோம்; மணியடிக்குமுன் வழக்கைத் தீர்த்தல் ஆசிரியர்க்கு அழகென்றும் எண்ணினோம்.

அம்மாணாக்கன் இன்று பிள்ளைகளுக்குத் தந்தை. எம்மைக் காணுந்தோறும் எழுந்து கைகூப்புகின்றான். மன்னித்துவிட்டான் என்றே இதுகாறுங் கொண்டிருந்தோம். ஹேக் நகரினின்று மீண்டபின், அவ்வணக்கத்தின் பொருள் இன்னதென்று துணியமாட்டாதிருக்கின்றோம். அவனை வினாவவும் இன்னும் நா எழவில்லை.