புறக்கணிப்பின் விலை

விளையாட்டுத் திடலில் நிலவும் நீதி எளிமையானது, அதனாலேயே அழகானது. தவறு செய்தவன் எவனோ அவனுக்கே தண்டனை. காற்பந்தாட்டத்தில் எதிராளியின் காலை வாரியவனுக்கே நடுவர் அட்டை காட்டுகிறார். அவனுடைய அண்டை வீட்டுக்காரனுக்கு அன்று. ஓட்டப்பந்தயத்தில் வேட்டொலிக்கு முன்னரே பாய்ந்தவன் வெளியேற்றப்படுகிறான். அடுத்த தடத்தில் நிற்பவன் அமைதியாக நிற்கிறான். உலகத்தின் பெரிய நீதிமன்றங்கள்கூட இவ்வளவு விரைவாகவும் வெளிப்படையாகவும் நீதி வழங்குவதில்லை எனலாம்.

ஆனால், நாடுகளுக்கிடையே பகை மூளும்போது இந்த நீதி தலைகீழாகிவிடுகிறது. படையை அனுப்பியவர் ஒருவர். பந்தயத்தை இழப்பவர் வேறொருவர். ஆணையிட்டவர் பதவியில் இருக்கிறார். ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தவர் வீட்டில் இருக்கிறார். இஃது அறமாகுமா? புறக்கணிப்பு என்னும் கருவியை எப்போது கையில் எடுக்கலாம், எப்போது எடுக்கலாகாது? இவ்வினா விளையாட்டு ஆர்வலர்களுக்கு மட்டும் உரியதன்று. இளையோர்க்கு நன்னெறி கற்பிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவர்களுக்கும் உரியது.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியக் காற்பந்து அணி தென்கொரியாவை 2-1 எனும் கோல் கணக்கில் வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆர். ஆறுமுகம், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி என்று அந்த அணியின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே இந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கைப் படிப்பது போலிருக்கும். நாம் மேடைதோறும் பேசும் ஒற்றுமையை அவர்கள் வியர்வையால் செய்து காட்டினார்கள். ஆயினும் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்திற்குள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா முன்னின்று நடத்திய புறக்கணிப்பில் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டன. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. அதன் பின்னர் இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதில்லை. ‘சிலந்தி மனிதன்’ என்று இரசிகர்கள் கொண்டாடிய கோல் காவலர் ஆறுமுகம், ஒலிம்பிக் திடலைக் காணாமலேயே 1988இல் சாலை விபத்தொன்றில் மறைந்தார்.

அதே மாஸ்கோவில் இன்னொரு தமிழர் தங்கப் பதக்கம் பெற்றார். இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் அவர். இறுதி ஆட்டத்தில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்றது. ஆனால் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா முதலிய வலிமை மிக்க அணிகள் அங்கே வரவில்லை. ஆகவே, ‘அவர்கள் வந்திருந்தால்?’ என்ற கேள்வி அந்தத் தங்கத்தின்மேல் இன்றும் தூசியாய்ப் படிந்திருக்கிறது. வராதவரும் இழந்தார், வந்து வென்றவரும் ஓரளவு இழந்தார்.

இவ்விடத்தில், “அரசியலை விளையாட்டில் கலக்காதீர்கள்” என்று சிலர் சொல்வர். கேட்பதற்கு இனிமையான கூற்று, ஆனால் உண்மையன்று. கொடியேற்றி, நாட்டுப்பண் இசைத்து, பதக்கப் பட்டியலை நாடுவாரியாக அடுக்கும் ஒரு விழாவை அரசியலற்றது என்பது எங்ஙனம் பொருந்தும்? நமக்கு மிக அருகிலேயே சான்று உண்டு. சிங்கப்பூர்ப் பாடாங் திடலின் ஒரு முனையில் ஐரோப்பியர் அமைத்த கிரிக்கெட் கழகமும், மறுமுனையில் யுரேசியர் 1883இல் தொடங்கிய பொழுதுபோக்குக் கழகமும் நின்றன. புல்வெளி ஒன்று, கூடங்கள் இரண்டு. குடியேற்ற ஆட்சி மனிதரை எப்படிப் பிரித்து வைத்ததோ, அப்படியே விளையாட்டும் பிரித்து வைத்தது. அரசியல் திடலுக்குள் வெளியிலிருந்து வந்து புகுவதில்லை; கோடு போடும்போதே அதுவும் சேர்ந்து வருகிறது.

இதன் வேர் மிகப் பழமையானது. பண்டைய கிரேக்கத்தில் ஒலிம்பிக் விழாக் காலத்தில் புனித அமைதி உடன்பாடு நிலவியது. கி.மு. 420இல், அந்த உடன்பாட்டை மீறிப் படை நடத்தினர் என்று ஸ்பார்ட்டா நாட்டார்மீது விழாவை நடத்திய எலிஸ் நகரத்தார் தண்டம் விதித்தனர். ஸ்பார்ட்டா செலுத்த மறுத்தது, விழாவிலிருந்து விலக்கப்பட்டது. ஆயினும் லிக்காஸ் என்னும் ஸ்பார்ட்டாக்காரர், பியோட்டியா நாட்டின் பெயரில் தம் தேரைப் போட்டியில் ஓடவிட்டார். தேர் வென்றது. அது தம்முடையது என்பதை உலகறியச் செய்ய விரும்பி, அவர் திடலுக்குள் சென்று தேரோட்டிக்கு முடி சூட்டினார். உடனே நடுவர்கள் அவரை அடித்தனர். வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் எழுதிவைத்த செய்தி இது. நாட்டின் குற்றத்திற்காகத் தனிமனிதர் விலக்கப்படுதல், வேற்றுப் பெயரில் பங்கேற்றல், வென்ற பின்னும் தம் பெயரைச் சொல்ல இயலாமை ஆகிய நம் காலத்துச் சிக்கல்கள் யாவும் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரங்கேறிவிட்டன.

அப்படியாயின் புறக்கணிப்பே கூடாதா? அவ்வாறு சொல்லிவிடவும் இயலாது. தென்னாப்பிரிக்காவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய இந்தியர்கள் வாழ்ந்த டர்பன் வட்டாரத்தில் தோன்றியவர் ‘பாப்வா’ சேவ்கோலம். கோல்ப் ஆடுவோரின் மட்டைகளைச் சுமந்து பழகி, தாமே ஆட்டக்காரராய் உயர்ந்தவர். 1963இல் நேட்டால் போட்டியில் அவர் வெற்றி பெற்றார். வெள்ளையர் கழகக் கூடத்திற்குள் நுழைய அவருக்கு உரிமையில்லை. மற்றவர்கள் உள்ளே இருக்க, வெற்றியாளர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். கேப் டவுனில் பிறந்த பேசில் டி ஒலிவேரா, நிறத்தின் காரணமாகத் தாய்நாட்டுக்கு ஆட இயலாமல் இங்கிலாந்து சென்று, அந்நாட்டுக்காகக் கிரிக்கெட் ஆடினார். 1968இல் அவர் இங்கிலாந்து அணியில் சேர்க்கப்பட்டதும், அந்த அணியை வரவேற்கத் தென்னாப்பிரிக்கப் பிரதமர் மறுத்தார், பயணமே நின்றது.

இங்கே அநீதி எங்கிருந்தது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். திடலுக்கு வெளியே மட்டுமன்று, திடலுக்குள்ளேயே இருந்தது. யார் ஆடலாம் என்பதையே நிறம் தீர்மானித்தது. எனவே அந்த அணிகளோடு ஆடுவது, அந்த விதியை ஏற்றுக்கொண்டு ஆடுவதாகும். மேலும், விலக்கி வைக்குமாறு உலகைக் கேட்டுக்கொண்டவர்கள் ஒடுக்கப்பட்ட அம்மக்களே. கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் இனப்பாகுபாடற்ற விளையாட்டுக்காகப் போராடியதன் விளைவாகக் கைதாகி, தப்ப முயன்றபோது குண்டடிபட்டு, பின்னர் ராபன் தீவுச் சிறையில் கல்லுடைத்தார். விலை கொடுத்தவர்தாம் கோரிக்கை விடுத்தார். 1964ஆம் ஆண்டு டோக்கியோ விழாவுக்கான அழைப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. 1970இல் அந்நாடு ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நீக்கப்பட்டது. 1977இல் காமன்வெல்த் நாடுகள் கிளெனீகிள்ஸ் உடன்பாடு கண்டன. 1992இல் பார்சிலோனாவில்தான் தென்னாப்பிரிக்கா திரும்பி வந்தது.

அந்த நல்ல போராட்டமும் பலி கேட்காமல் இல்லை. நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா சென்றதைக் கண்டித்து 1976இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியால் விழாவிலிருந்து விலகின. 1,500 மீட்டர் ஓட்டத்தில் அன்றைய உலகச் சாதனையாளரான தான்சானியாவின் பில்பர்ட் பாயி ஓடவில்லை. அவரோடு மோதியிருக்க வேண்டிய நியூசிலாந்தின் ஜான் வாக்கர் தங்கம் வென்றார். பாயி இழந்தது சிறிதன்று. ஆனால் அவர் இழப்புக்கு ஒரு பொருள் இருந்தது; அது அவருடைய கண்டத்து மக்களின் மானம்.

மாஸ்கோவுக்குத் திரும்பி வந்து பார்ப்போம். சோவியத் படையெடுப்பு அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அநீதி ஓடுதளத்திலோ காற்பந்துத் திடலிலோ இல்லை. தண்டனையைச் சுமந்தவர்களிடம் உண்மையான கருத்து கேட்கப்படவும் இல்லை. அமெரிக்காவில் படகோட்ட வீராங்கனை அனிதா டிபிரான்ஸ் முதலியோர் வழக்குத் தொடுத்துத் தோற்றனர். பிரிட்டனிலோ, அரசு விரும்பாதபோதும் ஒலிம்பிக் சங்கம் தானே முடிவெடுத்து வீரர்களை அனுப்பியது. மற்றொரு செய்தி என் சிந்தையை இன்னும் கூர்மையாகத் தைக்கிறது. அமெரிக்கா அதே 1980 சனவரியில் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்பதையும் தடை செய்தது. அந்நாட்டு உழவர்கள் நட்டத்தைக் கூறி எதிர்த்தனர். 1981 ஏப்ரலில் அத்தடை நீக்கப்பட்டது. தானியத்தை மறு ஆண்டும் விற்கலாம். ஓட்டக்காரனின் இருபத்து நான்காவது வயதை யார் திருப்பித் தருவார்? சோவியத் படையோ 1989இல்தான் ஆப்கானிஸ்தானத்தை விட்டு வெளியேறியது. வாணிகருக்கு வலித்ததும் கைவிடப்பட்டது ஒன்று. வீரருக்கு வலித்தும் கைவிடப்படாதது மற்றொன்று. எளியவரிடம் எடுப்பது எளிது என்பதைத் தவிர இதற்கு வேறென்ன காரணம் கூற முடியும்?

இதிலிருந்து மூன்று உரைகற்களை நாம் அமைத்துக்கொள்ளலாம். முதலாவது: கண்டிக்கப்படும் அநீதி அந்த விளையாட்டையே கெடுத்து நிற்கிறதா? இரண்டாவது: பாதிக்கப்பட்டவர்கள் அப்புறக்கணிப்பைக் கேட்கிறார்களா? மூன்றாவது: முடிவெடுப்பவர் அதன் சுமையில் பங்கு கொள்கிறாரா? மூன்றில் எதுவும் பொருந்தாத புறக்கணிப்பு, அறத்தின் ஆடை உடுத்திய வசதியே ஆகும்.

இன்றைய சிக்கல்களை இக்கற்களில் உரைத்துப் பார்த்தால் விடை எளிதாகக் கிடைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இல் உக்ரேன்மீது ரஷ்யா படையெடுத்த பின், 2024 பாரிஸ் விழாவில் ரஷ்யர் 15 பேரும் பெலாரஸ் நாட்டவர் 17 பேரும் மட்டும், கொடியும் நாட்டுப்பண்ணும் இன்றித் தனியராகப் பங்கேற்றனர். போரை ஆதரித்தோர்க்கும் படைத்துறையைச் சார்ந்தோர்க்கும் இடமில்லை என்பது விதி. தனிமனிதனை நாட்டிலிருந்து பிரித்துக் காணும் முயற்சி இது. லிக்காஸின் தேர் மீண்டும் ஓடுகிறது. ஆனால் உக்ரேனிய விளையாட்டாளர் பலர் போரில் மாண்டிருக்க, அவர்தம் தோழர்கள் “இவ்வளவும் போதாது” என்று கூறும்போது, அக்குரலை நாம் அலட்சியம் செய்ய இயலாது.

நம் வீட்டு வாயிலிலும் இவ்வினா வந்து நின்றதுண்டு. 2019இல் கூச்சிங் நகரில் நடைபெறவிருந்த உடற்குறையுடையோர் உலக நீச்சல் போட்டி, இஸ்ரேலிய நீச்சலாளர்களுக்கு மலேசியா நுழைவு அனுமதி மறுத்ததால் லண்டனுக்கு மாற்றப்பட்டது. பாலஸ்தீன மக்களின் துயரம் உண்மை. அதன்பால் இந்நாட்டு மக்கள் கொண்ட பரிவும் உண்மை. இஸ்ரேலை விலக்குமாறு பாலஸ்தீனக் காற்பந்துச் சங்கம் 2024இல் உலகக் காற்பந்து அமைப்பின் மாநாட்டில் முறையாகக் கோரியது. அவ்வழி செம்மையானது என்பது என் கருத்து. எல்லாரும் கூடும் அவையில், விதியின் பெயரால், ஓர் அமைப்பை எதிர்த்து எழுப்பும் குரல் அது. அதற்கு மாறாக, விருந்துக்கு இசைந்த பின் வாயிலில் நின்று, போரை நடத்தும் அதிகாரமற்ற ஒரு நீச்சலாளரைத் தடுப்பதில் என்ன நிறைவு இருக்க முடியும்? சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன் நீந்தும் வாய்ப்பை மலேசிய நீச்சலாளர்களும் இழந்தார்களே, அவர்களிடம் யார் கேட்டார்கள்?

இங்கேதான் தியாகம் என்னும் சொல்லின் பொருளை நாம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காந்தியடிகள், முதலில் தாமே இராட்டையின் முன் அமர்ந்தார். வியட்நாம் போருக்குச் செல்ல 1967இல் மறுத்த குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி, தம் உலகப் பட்டத்தையும் இளமையின் மூன்றரை ஆண்டுகளையும் தாமே இழந்தார். வேறெவருடைய பட்டத்தையும் பிடுங்கித் தரவில்லை. தன்னுடையதைத் தருவது தியாகம். பிறருடையதை எடுத்துத் தருவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அதனினும் இழிவானது, எடுத்தவரே பாராட்டைப் பெற்றுக்கொள்வது.

ஆசிரியர்களாகிய நாம் இதை அமைச்சர்களுக்கும் அதிபர்களுக்கும் மட்டும் உரிய பாடம் என்று ஒதுக்கிவிடலாகாது. வகுப்பில் ஒருவன் குறும்பு செய்ததும், “இன்று யாருக்கும் உடற்கல்வி கிடையாது” என்று அறிவிக்கும் வழக்கம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது! கணிதப் பாடத்தை யாரும் தண்டனையாக நிறுத்துவதில்லை. விளையாட்டை மட்டும் நிறுத்துகிறோம். ஏனெனில் அது பிள்ளைகளுக்கு மிகவும் விருப்பமானது. நமக்கோ அதனால் இழப்பு எதுவும் இல்லை. நாடுகள் செய்வதும் இதுவே. குற்றமற்ற நாற்பது பிள்ளைகள் சன்னல் வழியே வெறுமையான திடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில், நாம் எண்ணிய ஒழுக்கத்தை அவர்கள் கற்பதில்லை. வலியவர் சினம் கொண்டால் எளியவர் இழக்க வேண்டும் என்பதையே கற்கிறார்கள்.

2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் 1980ஆம் ஆண்டு அணியின் கதையைப் புனைவு கலந்து இளைய தலைமுறைக்குக் கொண்டுவந்தது. திரையரங்குகளில் மக்கள் கைதட்டினார்கள், கண் கலங்கினார்கள். அந்தக் கண்ணீரோடு ஒரு கேள்வியும் எழுந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. அடுத்த முறை எந்த நாட்டை எந்தப் போட்டியில் புறக்கணிக்க வேண்டும் என்று எவர் முழங்கினாலும், நம் மாணவர்கள் அஞ்சாமல் எழுந்து, “ஐயா, இதற்கு விலை கொடுக்கப்போவது யார்? அவரைக் கேட்டீர்களா?” என்று வினவ வேண்டும். அவ்வாறு வினவக் கற்றுத் தருவதும் நம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.