அயலான் புஞ்சையில் பெய்த மழை



நம் கரிசல் பூமியில் மழை வரப்புப் பார்த்துத்தான் பெய்யும். அடுத்தவன் பருத்தி நனையும். நம் புஞ்சை வெடித்துக் கிடக்கும். அந்நேரம் நெஞ்சில் ஒரு புகைச்சல் கிளம்புகிறதே, அதுதான் காய்மகாரம். தலையான பாவங்கள் ஏழில் ஒன்று. மற்றப் பாவங்களிலாவது அற்ப சுகமுண்டு. இதில் அதுவும் கிடையாது.

ஸ்நாபக அருளப்பரைச் சூழ்ந்திருந்த ஜனங்கள் சேசுநாதரிடம் போகத் தொடங்கினார்கள். சீஷர்கள் வந்து முறையிட்டார்கள். அவரோ தம்மை மணவாளனின் தோழன் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

நம் ஊர்ச் சங்கதி ஒன்று. கோவில்பட்டியில் ஹாக்கி பயின்ற இருவர் 2022-ம் ஆண்டு ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் சேர்ந்தார்கள். மாரீஸ்வரன் இவ்வூர்ப் பிள்ளை, கார்த்தி அரியலூர்க்காரர். பாகிஸ்தானோடு நடந்த ஆட்டத்தில் கார்த்தி ஒரு கோலும் போட்டார். நல்லது. ஆனால் அதே மைதானத்தில் ஓடியும் தேர்வாகாத பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுடைய தாய்மாரை நினைக்கிறேன். அருளப்பருடைய பாடம் அவர்களுக்குத்தான் கஷ்டம். வருத்தப்படுவது பாவமல்ல, அடுத்த பிள்ளை தோற்கவேண்டுமென்று ஆசிப்பதே பாவம்.

பரீட்சை முடிவு வருகிற அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளை தேறியிருந்தால், கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு முதல் ஆளாய்ப் போங்கள். "சிபாரிசு இருந்திருக்கும்" என்ற பேச்சு வேண்டாம். (வாயில் மிட்டாய் ஒட்டியிருந்தால் அந்தப் பேச்சு வராது.) மனசு உடனே இணங்காது. போகிற வழியில் அந்தப் பிள்ளைக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கொண்டே நடங்கள்.